நடுவர் பீடமும் நடன உழைப்பும்: இளையோர் பாலேப் போட்டிகள் பற்றி ஒரு நோக்கு

1

கலைப்படைப்பினை மதிப்பிடுபவர் யாவர், எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுகின்றனர், அம்மதிப்பீட்டின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்பன திறனாய்வுத் துறையின் அடிப்படை வினாக்களாகும். இலக்கியத்தைப் பொறுத்தவரையில் இவை பெரிதும் மறைந்து நிற்பன. ஒரு நாவலுக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு இருபதாண்டுகளின் பின்னர் மாற்றி எழுதப்படலாம். ஆசிரியன் மறைந்த பின்னரும் நூல் வாழலாம். ஆற்றுகைக் கலைகளின் நிலை வேறு. அங்கு கலைப்பொருளும் கலைஞனின் உடலும் ஒன்றேயாதலின், தீர்ப்பு நேராக ஒரு மனிதப் பிறவியின் மீது விழுகின்றது. அது போட்டி மேடையிலே நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் மீது விழும்பொழுது, மதிப்பீட்டின் சமூக அடித்தளம் முற்றாக வெளிப்பட்டு விடுகின்றது. இலக்கிய மாணவன் ஒருவன் பாலேப் போட்டிகளைப் பற்றி எழுதப் புகுவதற்கு இதுவே நியாயம்.

ஐரோப்பியச் செந்நெறி நடனமாகிய பாலேயில் இளையோருக்கான அனைத்துலகப் போட்டிகள் இன்று பல உள்ளன. அவற்றுள் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரோடு இணைந்த 'பிறீ த லோசான்' மனங்கொள்ளத்தக்கது. கடிகாரக் கைத்தொழிலோடு தொடர்புடைய பிலிப் பிரவுன்ஸ்வைக் என்னும் கைத்தொழிலதிபரும் நடனக் கலைஞராகிய அவர் மனைவி எல்வீரும் 1973இல் அதனைத் தொடக்கினர். பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையிலானோர் அதிற் பங்குபற்றுவர். பல நாடுகளிலிருந்தும் அனுப்பப்படும் ஒளிப்பதிவுகளைப் பார்த்து எண்பது பேரளவில் தெரிவுசெய்யப்படுகின்றனர். அவர்கள் ஒரு வார காலம் வகுப்புகளிலே அவதானிக்கப்படுவர். குறித்த பட்டியலிலிருந்து தாம் தேர்ந்த செந்நெறித் தனியாடல் ஒன்றையும் தற்கால நடனத் தனியாடல் ஒன்றையும் மேடையில் ஆடுவர். இருபது பேரளவில் இறுதிச் சுற்றுக்குச் செல்வர். வெற்றி பெறுவோருக்குப் புகழ்பெற்ற பள்ளியொன்றில் அல்லது நடனக் குழுவொன்றில் ஓராண்டுப் பயிற்சிக்கான புலமைப்பரிசில் கிடைக்கும். தீர்ப்பு வழங்குவோர் தம் வாழ்நாளை இக்கலையிலே கழித்த தொழில்முறையாளர்.

இந்நடுவர்கள் உண்மையில் எதனை மதிப்பிடுகின்றனர்? திறமையை என்பது வழக்கமான விடை. அவ்விடை அரை உண்மையே என்பதும், மறைந்து கிடக்கும் மற்றப் பாதியே இப்போட்டிகளின் சமூகப் பொருளை விளக்க வல்லது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

நடனத்தை மதிப்பிடும் அதிகாரம் கொண்ட பீடம் வரலாற்றிலே திடீரெனத் தோன்றியதன்று. 1661இல் பதினான்காம் லூயி மன்னன் அரச நடனக் கழகத்தினை நிறுவிப் பதின்மூன்று நடன ஆசான்களை அதற்கு நியமித்தான். நடனத்தின் விதிகளை வரையறுத்தலும் ஆசான்களின் தகுதியினை ஆராய்தலும் அவர்களின் பணி. எதேச்சாதிகார முடியாட்சி தனது அரசவையின் ஒழுங்கினை உடலசைவிலும் நிலைநாட்ட விழைந்த காலம் அது. உடலை நிமிர்த்தி, கால்களை இடுப்பிலிருந்து வெளிநோக்கித் திருப்பி நிற்கும் நிலை பிரபுத்துவத்தின் தோரணையாக உருப்பெற்று, பின்னர் கலையின் இலக்கணமாயிற்று. 1738இல் ருஷ்யப் பேரரசு சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நடனப் பள்ளியை நிறுவியதோடு அவ்விலக்கணம் அரசின் பராமரிப்பில் இருந்த நிரந்தரக் கல்வி முறையாகவும் வளர்ந்தது.

ஒக்டோபர் புரட்சி இம்மரபினைத் தூக்கி எறியவில்லை, கையேற்றுக் கொண்டது. அரசவைக் கலையை உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்கலாயினர். இவ்வளர்ச்சியின் தொடர்ச்சியாகவே 1964இல் பல்கேரியாவின் கருங்கடற் கரை நகரான வார்ணாவில் முதலாவது அனைத்துலகப் பாலேப் போட்டி தொடங்கிற்று. அதன் நடுவர் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சோவியத் நடனக் கலைஞரான கலினா உலானோவா. திறந்தவெளி அரங்கில் நடைபெற்ற அப்போட்டியில் 1966இல் இளையோர் பிரிவில் மிக்கைல் பரிஷ்னிக்கொவ் தங்கப் பதக்கம் பெற்றார். புரட்சி நடந்து சில ஆண்டுகளே கடந்திருந்த கியூபாவின் நடனமணிகள் அதே தசாப்தத்தில் அங்கு பதக்கங்கள் வென்று மேற்கத்தைய விமர்சகரை வியப்பில் ஆழ்த்தினர்.

எனினும் இவ்விடத்து ஒன்றினை நாம் ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும். சோசலிச அரசுகள் பயிற்சியின் செலவை ஏற்றன; ஆனால் உடலைத் தெரிவு செய்யும் பார்வையை மாற்றவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளின் கால்நீளமும் மூட்டு நெகிழ்வும் பரிசோதிக்கப்பட்டு, பொருந்தாதோர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். வர்க்கத் தடையை நீக்கிய கையே உடல்வாகு என்னும் தடையை அப்படியே விட்டு வைத்தது. இதனைக் கூறாது லோசானை மட்டும் குறை கூறுவது வரட்டுவாதமாகவே முடியும்.

3

கார்லோஸ் அகோஸ்தாவின் வரலாறு இப்பிரச்சினையின் இரு முகங்களையும் ஒருங்கே காட்டுவது. 1973இல் ஹவானாவின் வறிய புறநகரொன்றில் பாரவண்டிச் சாரதி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பெரிய குடும்பம். தெருவிலே திரிந்த சிறுவனை நல்வழிப்படுத்த எண்ணிய தந்தை அவரை இலவச நடனப் பள்ளியிற் சேர்த்தார். 1990இல் லோசானில் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. சுவிஸ் கைத்தொழிலதிபர் ஒருவர் நிறுவிய பரிசு கியூபப் புரட்சியின் பள்ளிக்கூடத்திற்கு முடிசூட்டிற்று என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். நடுவர்கள் கண்டது பதினாறு பதினேழு வயது இளைஞனின் பாய்ச்சலை. அப்பாய்ச்சலினுள்ளே ஆசிரியரின் உழைப்பும், பள்ளி வழங்கிய உணவும், வரிய நாடொன்றின் பொதுச் செல்வமும் திரண்டு கிடந்தன. மார்க்ஸ் தமது அரசியற் பொருளாதார ஆய்விலே இறந்த உழைப்பு என்று குறித்தது, உயிருள்ள உடலொன்றில் இவ்வாறு சேமிக்கப்பட்டிருந்தது.

ஆனால் அவ்வுழைப்பின் பயன் சென்ற திசை எது? அகோஸ்தா லண்டனுக்கும், 1993இல் ஹியூஸ்ரனுக்கும், 1998இல் பிரித்தானிய றோயல் பாலேக்கும் சென்றார். 2020இல் பேர்மிங்ஹாம் றோயல் பாலேயின் பணிப்பாளரானார். தனிமனிதரின் உயர்வு மெச்சத்தக்கதே. எனினும், வறிய நாடு பயிற்றுவித்த உழைப்பினைச் செல்வந்த நாட்டின் அரங்குகள் பெற்றுக்கொண்டன என்பதும் உண்மை. வைத்தியரும் பொறியியலாளரும் புலம்பெயரும் அதே பாதை இது. போட்டி மேடை அப்பாதையின் சுங்கவாயிலாக அமைகின்றது.

அரசின் ஆதரவு இல்லாத இடத்தில் அச்செலவை ஏற்பது குடும்பமே. முன்னாள் பொல்சோய் கலைஞர்களான லறிசா, கெனடி சவெலியேவ் ஆகியோர் 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடக்கிய 'யூத் அமெரிக்கா கிராண்ட் பிறீ' ஒன்பது வயதிலிருந்தே பிள்ளைகளைப் போட்டிக்கு ஏற்பது. 2010ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி வரை சில இளையோரைப் பின்தொடர்ந்து பெஸ் கார்க்மன் ஆக்கிய 'பெர்ஸ்ற் பொசிஷன்' என்னும் விவரணத் திரைப்படம் 2011இல் வெளிவந்தது. அப்படத்தில் நடனத்தைவிட நம் மனத்தில் நிலைப்பது தாய்மாரின் உழைப்பு: தனிப்பட்ட வகுப்புகள், பயணங்கள், நுழைவுக் கட்டணங்கள், விரைவில் தேய்ந்து போகும் நுனிக்காற் காலணிகள், இரவிலே தைக்கப்படும் ஆடைகள்.

சியரா லியோனின் உள்நாட்டுப் போரிலே பெற்றோரை இழந்து அமெரிக்கக் குடும்பமொன்றினால் தத்தெடுக்கப்பட்ட மிக்கைலா டிபிரின்ஸ் அப்படத்தில் வரும் சிறுமியருள் ஒருவர். 'தோல் நிறம்' என்னும் பெயரில் விற்கப்படும் ஆடைத் துணி அவரது தோலின் நிறமன்று. வெள்ளைத் தோலின் நிறம். அதனை அவருடைய வளர்ப்புத் தாய் கபில நிறச் சாயம் தோய்த்து மாற்றுகின்றார். கறுப்பினக் கலைஞருக்கான நிறங்களில் நுனிக்காற் காலணிகளை லண்டனின் புகழ்பெற்ற உற்பத்தி நிறுவனமொன்று 2018இலேயே வெளியிட்டது. நடுவரின் தாளில் 'கோடு', 'முழுமை' ஆகியவற்றுக்குப் புள்ளியிட இடமுண்டு; அச்சாயத்திற்கு இடமில்லை. டிபிரின்ஸ் புலமைப்பரிசில் பெற்று, பின்னர் டச்சு தேசிய பாலேயிலும் பொஸ்ரன் பாலேயிலும் ஆடி, 2024இல் இருபத்தொன்பது வயதிலே மறைந்தார். அவரைப் போன்றோரின் வெற்றி 'திறமை எங்கிருப்பினும் வெல்லும்' என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். விதிவிலக்கைக் காட்டி விதியை மறைப்பது பூர்ஷ்வாக் கருத்துநிலையின் பழைய உத்தி.

4

அளவுகோலின் உள்ளடக்கத்தையும் நோக்குதல் தகும். போட்டிகளிலே ஆடப்படும் செந்நெறித் தனியாடல்களுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரங்குகளிலிருந்து, சிறப்பாக மாரியஸ் பெத்திப்பாவின் ருஷ்யப் பேரரசு அரங்கிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒன்று தமிழருக்குத் தொடர்புடையது. 1877இல் அரங்கேறிய 'லா பயாதேர்' இந்தியக் கோயில் ஆடல்மகள் ஒருத்தியின் கதை. 'பயாதேர்' என்னும் சொல், ஆடுபவளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழியாக, நமது தேவரடியாருக்கு ஐரோப்பியர் இட்ட பெயராகும். 1838இல் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திருவந்திபுரத்துத் தேவதாசியர் சிலர் பரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கு ஆடினர். அவர்களுள் ஒருத்தியைப் பற்றி வியந்து எழுதிய தெயோபில் கோத்தியே, மூன்றாண்டுகளின் பின் 'ஜிசெல்' பாலேயின் கதையாக்கத்திற் பங்கு கொண்டவர். 1858இல் சகுந்தலைக் கதையையும் பாலேக்கு ஆக்கியவர். அதற்கு நடனம் அமைத்தவர் பெத்திப்பாவின் தமையன்.

இன்று தோக்கியோவிலிருந்தோ சாவோ பாவுலோவிலிருந்தோ வரும் சிறுமி அக்கோயில் ஆடல்மகளின் தனியாடலைத் தேர்ந்து ஆடுகின்றாள். அவளது கணுக்காலின் வளைவு நுணுக்கமாக அளக்கப்படுகின்றது. அப்பாத்திரத்தின் மூலமான பெண்களின் ஆடலோ, நிலவுடைமைக் கோயிலோடு பிணைந்திருந்த அவர்களின் உழைப்போ, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தினால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்முறையின் துயரமோ அவ்வளவுகோலின் எல்லைக்குள் வருவன அல்ல. காலங்கடந்த அழகு என்று நடுவர் பீடம் கருதுவது குறித்ததொரு காலத்தின், குறித்ததொரு பேரரசின் அழகே என்பது இதனாற் பெறப்படும்.

5

அங்ஙனமாயின் நடுவரின் தீர்ப்பு வெறும் வர்க்கச் சூழ்ச்சியா? அவ்வாறு கூறுவது இயக்கவியலுக்கு முரணானது. முழங்கால் எவ்வாறு மடிகின்றது, இசையின் எந்த நுண்பகுதியில் பாதம் தரையைத் தொடுகின்றது, வலியை மறைத்து ஆடுபவர் யார் என்பவற்றை ஒரு கணத்திலே கண்டுகொள்ளும் அறிவு உண்மையான அறிவு. நாற்பதாண்டு உழைப்பினால் உடலிலே சேர்ந்த அறிவு அது. லோசானில் மேடை ஆட்டத்தோடு வகுப்புகளும் மதிப்பிடப்படுகின்றமை ஒரு நாளின் தற்செயலைக் குறைக்கும் நல்லதோர் ஏற்பாடு. போட்டியாளரின் உடல்நிலை பற்றிய மருத்துவ விபரங்களைக் கோரும் நடைமுறையும் அங்கு உண்டு. மெலிவினை அழகெனப் போற்றிய துறையில் இது முன்னேற்றமே.

சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. நடுவர் பீடத்தில் அமர்வோருள் பள்ளிகளின் தலைவர்களும் குழுக்களின் பணிப்பாளர்களும் உளர். புள்ளியிடும் கையே புலமைப்பரிசிலும் ஒப்பந்தமும் வழங்கும் கை. பாடகி ஒருத்தி தன் விருப்பிற் பாடுவதற்கும், முதலீட்டாளன் ஒருவனால் அமர்த்தப்பட்டுப் பாடுவதற்குமிடையே மார்க்ஸ் கண்ட வேறுபாடு ஈண்டு நினைவுகூரத்தக்கது. முன்னதிலும் பின்னதிலும் பாட்டு ஒன்றே. உற்பத்தி உறவு வேறு. போட்டி மேடையில் இவ்விரண்டும் ஒரே நிமிடத்தில் நிகழ்கின்றன. கலை மதிப்பீடாகத் தோற்றமளிப்பது அதேவேளை தொழிற்சந்தையின் ஆட்சேர்ப்பாகவும் இருக்கின்றது. 'இவள் நன்றாக ஆடுகின்றாளா' என்ற வினா, 'இவள் எமது குழுவின் வரிசையிற் பொருந்துவாளா' என்ற வினாவுடன் கலந்து விடுகின்றது. நிராகரிக்கப்பட்ட பிள்ளைக்கு எவ்வினாவுக்கு விடை கிடைத்தது என்பது தெரிவதில்லை. தான் கலைக்கே தகுதியற்றவள் என்று அவள் வீடு திரும்புகின்றாள்.

இந்நிலை தானாகவே தொடர்வதற்கும் காரணமுண்டு. 1983இல் லோசானிற் பரிசு பெற்ற மியாகோ யோஷிடா 2020இல் யப்பானின் தேசிய பாலேக் குழுவிற்குப் பணிப்பாளரானார். நேற்றைய போட்டியாளர் இன்றைய தேர்வாளராவது பொதுவழக்கு. தாம் தாங்கியவற்றையே தகுதியின் இலக்கணமாகக் கொள்ளும் மனப்பான்மை அதனால் எளிதில் வேரூன்றும். 2019இல் வியன்னா அரச ஒபேராவின் பாலேப் பள்ளியில் மாணவர் நடத்தப்பட்ட முறை அம்பலமாகி, பிள்ளைகளின் நலன் போதியளவு பாதுகாக்கப்படவில்லை என விசாரணை ஆணைக்குழு கூறிற்று. அத்தகைய கடுமையும் 'நாங்கள் இப்படித்தான் கற்றோம்' என்ற நியாயத்தின் மீதே பல காலம் நின்றது.

6

எனவே வேண்டப்படுவது நடுவர் பீடத்தின் ஒழிப்பன்று. தீர்ப்புக்கான காரணங்கள் தோற்ற பிள்ளைக்கும் கூறப்படல் வேண்டும். கலையை மதிப்பிடுவோரும் ஆளைத் தேர்ந்து அமர்த்துவோரும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியின் செலவு தாயின் தையலூசியிலிருந்து சமூகத்தின் பொறுப்புக்கு மாறுதல் வேண்டும். இல்லையேல் எத்துணை நேர்மையான நடுவரும் சமனற்ற தொடக்கங்களுக்குச் சமனான புள்ளியிட்டு அநீதிக்குத் துணைபோவர்.

இவ்வாய்வு திறனாய்வாளராகிய நமக்கும் ஒரு பாடம் கூறுகின்றது. வரலாற்றை விலக்கிய மதிப்பீடு ஆதிக்கத்தின் சுவையையே அழகென்று வழங்கும். மதிப்பீட்டை விலக்கிய வரலாறோ கலையைப் பற்றிப் பேசாமலே கலந்துரையாடலை முடித்துக்கொள்ளும். ஆடுபவளின் பாதம் தரையைத் தொட்ட அழகைக் காணும் கண்ணும், அப்பாதத்தை அங்கு கொணர்ந்து நிறுத்திய உழைப்பைக் காணும் கண்ணும் ஒருவருக்கே வாய்த்தல் வேண்டும். அவ்வாறு வாய்த்தவரே நடுவர் பீடத்தில் அமரவும், நூலொன்றின் மீது பேனாவை எடுக்கவும் தகுதியுடையவர்.