பூமியின் வாலை மறந்த விளக்கம்

2024 மே 10ஆம் நாள் இரவு லடாக்கிலுள்ள ஹான்லேயில் வானம் சிவந்தது. அதையொட்டித் துருவ ஒளி பற்றிப் பல கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றில் வழக்கமாகக் காணப்பட்ட விளக்கம் இதுதான்: சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களுக்குத் திருப்பிவிடுகிறது, அங்கே அவை காற்றில் மோதி ஒளி உண்டாகிறது.

நானும் வகுப்பில் இவ்வாறே கூறிவந்தேன். ஒருநாள் ஒரு மாணவர் எழுந்து, "அப்படியானால் சூரியனைப் பார்த்த பக்கத்தில்தானே ஒளி மிகுந்திருக்க வேண்டும், சார்? நள்ளிரவை ஒட்டி ஏன் மிகுதியாகத் தோன்றுகிறது?" என்று கேட்டார். இவ்விளக்கத்தில் அதற்கு விடை இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. சூரியக் காற்றிலுள்ள எலக்ட்ரானின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட். பளிச்சிடும் பச்சைத் துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரானுக்கோ ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ளது. இடைவழியில் இது எங்கிருந்து வந்தது?

விடை பூமியின் வாலில் உள்ளது. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைப் பகல் பக்கம் அமுக்கி, இரவுப் பக்கம் சந்திரனின் பாதைக்கும் அப்பால் வாலாக நீட்டுகிறது. வாலின் வடபாதியிலும் தென்பாதியிலும் புலக்கோடுகள் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. நடுவே பிளாஸ்மா நிரம்பிய தகடு. வால் மிகுதியாக நீளும்போது எதிர்க்கோடுகள் அறுந்து மறுபடி இணைகின்றன. கவணில் இழுத்துவிட்ட ரப்பர்போல் அவை பூமியை நோக்கிச் சுருங்க, துகள்கள் வேகம் பெறுகின்றன. பூமிக்கு மேல் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலுள்ள மின்புலங்கள் எலக்ட்ரான்களை மேலும் முடுக்குகின்றன.

இது வெறும் ஊகமன்று. 2008 பிப்ரவரி 26இல் தெமிஸ் செயற்கைக்கோள்கள், பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 20 மடங்கு தொலைவில் இத்தகைய இணைப்பைக் கண்டன. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் துருவ ஒளி சுடர்விட்டது.

பழைய விளக்கம் முற்றும் பொய்யன்று. ஆற்றலின் மூலம் சூரியக் காற்றே. பகல் பக்கத்தில் சில துகள்கள் நேராகவும் நுழைகின்றன. ஆனால் வாலை விட்டுவிட்டால் கதையின் நடுப்பகுதியே போய்விடுகிறது.

துருவ ஒளியைக் காணாத நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். காந்தப் புயலின்போது வாலிலிருந்து உள்ளே தள்ளப்படும் புரோட்டான்கள் மேற்காகவும் எலக்ட்ரான்கள் கிழக்காகவும் நகர்ந்து, பூமியைச் சுற்றி வளைய மின்னோட்டமாகின்றன. அது நம் பகுதியின் காந்தப்புலத்தைக் குறைக்கிறது. சாயர்புரத்திலிருந்து நெல்லைக்குச் செல்லும் மாணவர்கள், அதை அடுத்த கிருஷ்ணபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதை அறிவார்களா? வாலில் நிகழ்வதன் சுவடு அங்குள்ள காந்தமானிகளில் பதிவாகிறது. அதைச் சொல்லாத பாடம் அரைப்பாடமே.