பாலுக்குள் மல்லிகை

மல்லிகை வாசத்தைப் பாலுக்குள் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. எசன்ஸ் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விடுவது ஒன்று. பூவின் மணத்தை முதலில் தேயிலையில் ஏற்றி, அந்தத் தேயிலையைக் குளிர்ந்த பாலில் ஊறவைத்து, வடிகட்டி, நுரைக்க அடித்துக் குடிப்பது இன்னொன்று. முதல் வழிக்கு ஒரு நிமிடம் போதும். இரண்டாவதற்கு ஓர் இரவு வேண்டும். தேயிலைக்கும் வீட்டிலேயே மணம் ஏற்றுவதென்றால் இன்னும் சில இரவுகள். அத்தனை இரவுகளும் தகும் என்பதே என் கட்சி.

செடியில் அன்றைக்கு மலர்ந்த குண்டுமல்லி ஒன்றை மூக்கோடு ஒட்டி முகர்ந்து பாருங்கள். முதலில் வருவது தித்திப்பான, பழ வாசனை போன்ற ஒன்று. பென்சைல் அசிடேட் என்ற பொருளின் வேலை அது. கூடவே லினலூல் என்ற மெல்லிய, குளுமையான வாசம். இவற்றுக்கு அடியில் கனமாக, கொஞ்சம் கிறக்கமாக, மூக்கை லேசாக உறுத்துகிற இன்னொன்றும் இருக்கும். அதன் பெயர் இண்டோல். தனியாகப் பிரித்து எடுத்தால் முகம் சுளிக்க வைக்கும் பொருள். மற்றவற்றோடு மிகச் சிறிய அளவில் சேரும்போது பூவுக்கு ஆழத்தைக் கொடுப்பது அதுதான். நான் முகர்ந்த எசன்ஸ்களில் தித்திப்பு இருந்தது, இந்த அடிவாசம் இல்லை. அது இல்லாத மல்லிகை மில்க் ஷேக்கைக் குடித்தால் சோப்பு ஞாபகம் வருகிறது.

பூவை நேரே பாலில் போட்டால் என்ன என்று தோன்றலாம். போடலாம். ஆனால் மணத்தோடு பச்சை இதழின் கசப்பும் இறங்கும்; பாலின் கொழகொழப்புக்கு எதிராக நிற்க ஒரு துவர்ப்பும் இருக்காது. தேயிலை இரண்டையும் சரிசெய்கிறது. காய்ந்த தேயிலை ஈரத்தையும் வாசனையையும் ஆவலாக உறிஞ்சும் சரக்கு. பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்த டீத்தூள் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே குணத்தைக் கலையாக மாற்றியவர்கள் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள ஃபூச்சௌ நகரத்துக்காரர்கள்.

அங்கே தேயிலை வசந்த காலத்தில் கிள்ளப்படுகிறது. பூவோ கோடையில்தான் உச்சத்துக்கு வருகிறது. ஆகவே தேயிலை பதமாகக் காய்ந்து பூவுக்காகக் காத்திருக்கும். கொளுத்தும் வெயிலில், பிற்பகலில், அன்று இரவு மலரவிருக்கும் மொட்டுகளை மட்டும் பார்த்துப் பறிப்பார்கள். மல்லிகை தன் மணத்தை மொட்டுக்குள் சேர்த்துவைக்கிற பூ இல்லை. இதழ் விரிய விரியத்தான் மணத்தைச் சுரந்து வெளியே விடும். மலர்ந்து முடிந்த பூவிலும் பயனில்லை, இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டிய மொட்டிலும் பயனில்லை. இருட்டத் தொடங்கி மொட்டுகள் வாய் திறக்கும்போது தேயிலையையும் பூவையும் கலந்து குவிப்பார்கள். பூ உயிரோடு மூச்சுவிடுவதால் குவியல் சூடேறும். சூடு மிஞ்சினால் பூ வெந்து புளித்த வாடை வந்துவிடும். நடுராத்திரியில் குவியலைக் கலைத்துப் பரப்பி, ஆறவிட்டு, மறுபடி குவிக்க வேண்டும். விடிந்ததும் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு, பூவின் ஈரத்தைக் குடித்த தேயிலையைச் சூட்டில் உலர்த்துவார்கள். பிறகு புதுப் பூவோடு மறுபடியும். உயர்ந்த ரகங்களுக்கு இப்படிப் பல சுற்றுகள் நடக்கும். கடைசிச் சுற்றில் கொஞ்சமே கொஞ்சம் பூவைச் சேர்த்து, அதற்குப் பிறகு சூடு காட்டாமல் விடுவார்கள். மேல்வாசம் பளிச்சென்று நிற்பது அதனால்தான். மல்லிகைக்கு அடித்தளமாக வெள்ளைச் செண்பகத்தை முதலில் கொஞ்சம் சேர்க்கும் வழக்கமும் உண்டு. மணத்தின் மேல் மணமாக அடுக்குகிற இந்தத் திட்டத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஃபூச்சௌவின் மல்லிகை–தேயிலை வேளாண் முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2014இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. 2022இல் யுனெஸ்கோ சீனத்தின் மரபுத் தேயிலைத் தயாரிப்பு முறைகளைத் தன் பட்டியலில் சேர்த்தபோது இந்தக் கைத்திறனும் அதில் இருந்தது.

நல்ல மல்லிகைத் தேயிலையில் இதழ்கள் அதிகம் இருக்காது. வேலை முடிந்த பூவில் மணம் மிச்சமில்லை, இருந்தால் கசப்புதான். அழகுக்காக நாலு இதழ் விட்டிருப்பார்கள், அவ்வளவே. டப்பாவைத் திறந்ததும் பாதிக்குப் பாதி வெள்ளை இதழாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். கையால் உருட்டிய முத்து வகை கிடைத்தால் வாங்குங்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. வெள்ளி நிற நுனித்தளிர் அதைச் சுற்றியிருக்கும். இளஞ்சூட்டு நீரில் ஒன்றைப் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓர் ஓரம் விலகும், தளிர் மெல்லப் புரண்டு நீளும், கடைசியில் ஒரு மொட்டும் இரண்டு இலையுமாக நீரில் நிமிர்ந்து நிற்கும்.

ஃபூச்சௌவில் தேயிலைக்கு மணமூட்டும் பூ வேறு ஏதோ சீனத்துப் பூ அல்ல. ஜாஸ்மினம் சம்பாக் என்ற அந்த இனம்தான் நம்முடைய மல்லிகையும். மதுரை மல்லி என்று 2013இல் புவிசார் குறியீடு பெற்றதும் அதே இனம். (முல்லையும் பிச்சியும் வேறு இனங்கள், அவற்றின் மணமும் வேறு.) நீலகிரித் தேயிலைக்கு 2008இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இலை குன்னூரில், பூ மதுரையில். இடையே அரை நாள் பயணம். இரண்டையும் வீட்டில் சேர்த்துவைப்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். நீலகிரி இலைக்கு இயல்பாகவே ஒரு பூவாசம் உண்டு, லினலூல் அதிலும் இருக்கிறது. மல்லிகை போய் அமர அங்கே இடம் தயாராக இருக்கிறது.

வீட்டுமுறை இது. 25 கிராம் நீலகிரி கிரீன் டீ, தூளாக இல்லாமல் முழு இலையாக. இரண்டு கைப்பிடி மொட்டு. மொட்டு உங்கள் மாடித்தொட்டியிலிருந்தோ, மருந்தடிக்காத தெரிந்த தோட்டத்திலிருந்தோ வர வேண்டும். மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்காமல் மல்லிகை சாகுபடி நடப்பது அபூர்வம். கூந்தலுக்கு வாங்கும் கடைப் பூவைக் குடிக்கும் பொருளில் சேர்க்கவே கூடாது. சாயங்காலம் மொட்டின் முனை நெகிழ்கிற நேரத்தில், ஈரமில்லாத எவர்சில்வர் சம்படத்தில் ஓர் அடுக்கு இலை, ஓர் அடுக்கு மொட்டு என்று தளர்வாகப் பரப்பி மூடி வையுங்கள். தூங்கப்போகும் முன் ஒருமுறை திறந்து கிளறிவிட்டால் நல்லது. காலையில் பூவைப் பொறுக்கிவிட்டு இலையைத் தொட்டுப் பாருங்கள். நேற்று மொறமொறவென்று இருந்தது இன்று துணிபோலத் துவண்டிருக்கும். பூவின் ஈரம் அத்தனையும் உள்ளே போயிருக்கிறது. அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும். அடி கனத்த வாணலியில், கை பொறுக்கிற சூட்டில், விரலாலேயே புரட்டிப் புரட்டி, இலை ஒடிகிற பதம் வரும்வரை உலர்த்துங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ராத்திரி சேர்ந்ததெல்லாம் சமையலறைக் காற்றில் போய்விடும். மூன்று சுற்று செய்தால் டப்பாவைத் திறக்கும்போதே தெரியும்.

இனிப் பால். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. மல்லிகையின் மணப்பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. அப்படியானால் கொழுப்பு கூடக் கூட நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கொழுப்பு மணத்தை வாங்குவது மட்டுமில்லை, பிடித்தும் வைத்துக்கொள்ளும். 3 சதவீதப் பாலில் வாசம் சட்டென்று மேலே வந்து சட்டென்று போய்விடுகிறது. 6இல் நாக்கில் படிந்துகொண்டு தயங்கித் தயங்கி வருகிறது. எனக்கு 4.5தான் சரி. அது கையிலில்லாவிட்டால் மற்ற இரண்டையும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள்.

பாலைக் காய்ச்சக் காய்ச்ச, காய்ச்சின பாலுக்கே உரிய வாசம் ஏறும். ஃபில்டர் காபிக்கு அது அழகு, மல்லிகைக்கு எதிரி. பாஸ்ச்சுரைஸ் செய்த பாக்கெட் பால், குளிர்ச்சி விடாமல் வந்தது, தேதி தாண்டாதது என்றால் காய்ச்சாமலே எடுத்துக்கொள்ளலாம். கறந்த பால் என்றால் கட்டாயம் காய்ச்சித்தான் ஆக வேண்டும். பொங்கியதும் இறக்கி, மூடி, பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து வேகமாக ஆறவிடுங்கள்.

அரை லிட்டர் பாலுக்கு 12 கிராம் தேயிலை. டீ போடுகிற கணக்கில் பார்த்தால் இது அதிகம்தான். ஆனால் குளிர்ந்த பால் இலையிலிருந்து சாரத்தை வாங்கத் தயங்கும். குளிர்ச்சி நாக்கையும் மூக்கையும் மந்தமாக்கும். பாலின் கேசீன் புரதம் தேயிலையின் துவர்ப்பைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் தாண்டி மணம் வந்து சேர அளவு கூடத்தான் வேண்டும். கொதித்து ஐந்து நிமிடம் ஆறிய நீரில் அரைக் கால் டம்ளர் விட்டு இலையை நனைத்து, ஒரு நிமிடம் அது நெகிழ இடம் கொடுத்துவிட்டு, அதன்மேல் பாலை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எட்டு மணி நேரம். மூடி இறுக்கமாக இருக்கட்டும். தேயிலையைப் போலப் பாலும் அக்கம்பக்கத்து வாசனையை வாங்கிக்கொள்ளும்; தோசைமாவும் நறுக்கிய வெங்காயமும் அதே தட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டும்போது இலையைப் பிழியாதீர்கள். கடைசிச் சொட்டுகளில் இருப்பது கசப்பு மட்டுமே. வடிந்த பால் நிறமே மாறாததுபோல இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் யானைத்தந்த வெண்மையில் ஒரு பசுமைச் சாயல் தெரியும்.

அதில் மூன்றில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். தண்ணீர் ஐஸ் சேர்த்தால், அத்தனை நேரம் சேர்த்த மணத்தை ஒரு நிமிடத்தில் நீர்க்கச் செய்ததாகிவிடும். வெனிலா ஐஸ்கிரீம் வேண்டாம். மில்க் ஷேக் என்றாலே அதைத் தேடும் கை நமக்கு இருக்கிறது. ஆனால் வெனிலா பக்கத்தில் வந்தால் மல்லிகை வாயைத் திறக்காது. கெட்டித்தன்மைக்கு ஒரு மேசைக்கரண்டி பால் பவுடரும் இரண்டு மேசைக்கரண்டி ஃபிரெஷ் கிரீமும் போதும். இனிப்புக்கு வெள்ளைச் சர்க்கரைப் பொடி இரண்டு மேசைக்கரண்டி. நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எல்லாம் தங்களுக்கென்று சொந்த வாசனை உள்ளவை. இந்தக் கச்சேரியில் அவற்றுக்கு மேடை இல்லை. ஏலக்காய்க்கும் அதே பதில். ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போடுங்கள். எல்லாவற்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு இருபது விநாடி ஓட்டுங்கள். ஏடு சேர்த்துவைத்து மிக்ஸியில் வெண்ணெய் எடுக்கும் வீடுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரீம் உள்ளே இருக்கும்போது அதிகம் அடித்தால் என்ன திரளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்ட்ரா போட்டுக் குடிப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். வாய் அகன்ற கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவுக்கு ஊற்றி, மூக்கு நுரைக்கு மேலே நிற்கும்படி உதட்டில் வைத்துக் குடிக்க வேண்டும். முதல் வாயில் பாலும் இனிப்பும்தான் தெரியும். பூ எங்கே என்று தேடாதீர்கள். விழுங்கிவிட்டு, வாயை மூடியபடி மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். நாக்கின் சூட்டில் கொழுப்பு இளகி, தான் பிடித்துவைத்திருந்த மணத்தை அந்த மூச்சில்தான் விடுகிறது. முதலில் தித்திப்பு, அதன் பின்னால் இலையின் பச்சை வாசம், கடைசியாக அந்தக் கிறக்கமான அடிவாசம். இந்த வரிசைக்காகத்தான் இத்தனை பாடும். தைவானிலும் சீனத்திலும் டீக்கடைகள் மல்லிகை கிரீன் டீயில் பால் சேர்த்துப் பெரிய வியாபாரம் செய்கின்றன. அவற்றில் இனிப்புதான் முன்னால் நிற்கிறது. மணம் துணைக்கு வருகிறது.

வேறு பூக்களைப் பற்றிக் கேட்டால், பன்னீர் ரோஜாவுக்குக் கிரீன் டீ போதாது, கறுப்புத் தேயிலை வேண்டும். அதைக் கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாக வடித்துப் பாலில் சேர்க்க வேண்டும். செம்பருத்தி டீ என்று கடையில் விற்கும் சிவப்பு ரோசெல் வகையைப் பாலோடு சேர்க்கவே வேண்டாம். அதன் புளிப்பில் பால் திரிந்துவிடும்.

மல்லிகைக்கு வருவோம். ஃபூச்சௌவில் கோடையின் உக்கிரமான வாரங்களில் பூத்ததைத்தான் உயர்ந்த பூ என்கிறார்கள். மழையில் நனைந்த மொட்டை நல்ல தேயிலைக்குச் சேர்ப்பதில்லை. நம் ஊரிலும் சித்திரை, வைகாசிப் பூவுக்குள்ள வீரியம் ஐப்பசிப் பூவுக்கு இல்லை. இடையில் மழை பெய்துவிட்டால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் காயட்டும், அதற்குப் பிறகு மொட்டைப் பறியுங்கள். கோடையில் மணமேற்றி உலர்த்திய தேயிலை, காற்றுப் புகாத டப்பாவில் சில மாதங்கள் தாங்கும். ஷேக் தாங்காது. அடித்த கால் மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.