மணற்கரைக்கு அரை நாள் போதாது

நிலவியல் மாணவர்களுக்குக் களப்பயிற்சி தவிர்க்க முடியாத பாடம். மாநிலக் கல்லூரியிலோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலோ, அண்ணா பல்கலைக்கழகத்திலோ எங்கே படித்தாலும் சுத்தியலும் காம்பஸும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறாமல் பட்டம் முடியாது. போகும் இடங்களும் தெரிந்தவைதான். அரியலூரின் கிரெட்டேசியஸ் காலத் தொல்லுயிர் எச்சங்கள், சாத்தனூர், திருவக்கரைக் கல்மரங்கள், சேலத்து மேக்னசைட் சுரங்கங்கள். கடற்கரை பெரும்பாலும் இந்தப் பட்டியலின் கடைசியில் வரும். மாமல்லபுரத்தில் ஓர் அரை நாள், குழுப்படம், திரும்பும் வழியில் சாப்பாடு. என் குறை அந்த அரை நாளைப் பற்றியது.

பள்ளிக்கரணையை நடுவில் வைத்துப் பார்த்தால், ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு முழுப் பாடத்திட்டமே விரிந்து கிடக்கிறது. மேற்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகள். கிழக்கே அவற்றின் மழைநீரை வாங்கும் சதுப்பு நிலம். அதற்கும் கடலுக்கும் இடையே திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் மணல்மேடுகள். தெற்கே முட்டுக்காடு உப்பங்கழி, கோவளம் முகத்துவாரம், பிறகு மாமல்லபுரத்தின் பாறைகள். ஆழ்கடல் ஆய்வுக்கான தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகமும், கரை அரிப்பைக் கணக்கெடுக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் இருப்பது இதே பள்ளிக்கரணையில்தான்.

இருக்கும் முறையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சார்னோக்கைட் என்ற பாறையைப் பாடநூலில் பத்துத் தடவை படித்தாலும் மனத்தில் நிற்காது. திரிசூலத்துப் பழைய குவாரி ஓரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு துண்டைக் கையில் எடுத்தால் நிற்கும். வெளிப்பக்கம் துருவேறிய பழுப்பு. உள்ளே எண்ணெய் தடவியது போல மினுங்கும் கரும்பச்சைச் சாம்பல் நிறம். கைலென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸ்கூட நீலம் பாய்ந்து தெரியும். நம் வீட்டு வாசற்படியும் அம்மியும் இதே கருங்கல்தான். தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இதற்குப் பெயர் வைத்தார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல்லும் இதே வகை என்பதால் வந்த பெயர் அது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள இந்தப் பாறைக்கு உலகெங்கும் மூல இடமாகச் சொல்லப்படுவது நம் பல்லாவரம். பரங்கிமலையில் இதே பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இருக்கிறது. பாறையைத் தொட்டுப் பார்க்கும் இந்தப் பயிற்சிக்கு ஈடாக வகுப்பறையில் எதுவும் இல்லை.

ஆனால் பாறைக்குப் பொருந்தும் முறை கடற்கரைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை தொடங்குகிறது. கடற்கரையில் நிலவியல் கற்பிக்கும் மரபு பெரிதும் பிரிட்டனின் செங்குத்துக் கரைகளில் உருவானது. ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்டுக்கு 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய், செங்குத்தாக நின்ற அடுக்குகளின் மேல் வேறோர் அடுக்கு சாய்ந்து படிந்திருப்பதைக் கண்டார். தெற்கு இங்கிலாந்தின் டோர்செட் கரையில் ஜுராசிக் கால அடுக்குகளைக் கடலே அறுத்துத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே ஒரு நாள் நின்று பார்த்தாலே கோடிக்கணக்கான ஆண்டுகள் கண்ணெதிரே நிற்கும். நம் சோழமண்டலக் கரை அப்படிப்பட்டதல்ல. தாழ்வானது, மணலால் ஆனது, எதையும் வெட்டிக் காட்டாதது. அதன் பாடம் இன்று இருப்பதற்கும் ஆறு மாதம் கழித்து இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரே ஒரு முறை போய் வருகிற மாணவருக்கு அது வெறும் பீச்.

அந்த வித்தியாசத்துக்கு நம் ஊரிலேயே மிகப் பெரிய சான்று உண்டு. சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காலத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. மெரினாவின் அகன்ற மணல்வெளி அப்படி வந்தது. மணல் கிடைக்காத ராயபுரமும் காசிமேடும் நிலத்தை இழந்தன. அங்கே கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டிய பின் புதுச்சேரியும் தன் மணற்கரையை இழந்தது. எந்த மாணவரும் தேர்வில் இதை ஒரு பக்கத்துக்கு எழுதிவிடுவார். மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் போகிறது என்று கரையில் நின்று அளந்தவர்கள் எத்தனை பேர்? எந்தக் காற்றில் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்று ஊரூர் குப்பத்துப் படகுக்காரரிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டு கோல்கள், அவற்றில் சென்டிமீட்டர் குறிகள், நீளம் குறித்த ஒரு கயிறு போதும். கடல் பக்கக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கரைப் பக்கக் கோலை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு கரைப் பக்கக் கோலைத் தொடும் குறியிலிருந்து அதன் உச்சி வரை உள்ள நீளம்தான் இரண்டு இடங்களுக்கும் உள்ள உயர வித்தியாசம். பிறகு கோல்களை நகர்த்தி நீர் விளிம்பு வரை இதையே செய்து போகலாம். எமரி என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1961-இல் எழுதிய முறை இது. உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. நம் கரையில் காலையில் சூரியன் கண்ணில் அடிக்கும் என்பதால் பிற்பகலில் அளப்பது நல்லது. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் அதே கோட்டில் அளந்து இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், கடல் தின்றதும் திருப்பித் தந்ததும் கண்ணுக்குத் தெரியும்.

சதுப்பு நிலத்தைக் களப்பயிற்சி தொடுவதே அரிது என்பது எனக்குப் பெரிய வருத்தம். பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது 1,247 ஹெக்டேர். முன்பு இதைவிடப் பல மடங்கு பரந்திருந்தது. தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரெல்லாம் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடல் சேர வேண்டும். மணல்மேடு குறுக்கே நிற்பதால் நேராகக் கடலுக்குப் போக வழியில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மூழ்கியதில் கட்டடங்களுக்கும் சதுப்பில் எழுந்த குப்பைமேட்டுக்கும் எவ்வளவு பங்கோ, இந்த நில அமைப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு. மழைநீரைச் சேர்த்து வைப்பதும் அந்த மணல்மேடுதான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை உப்புநீர் தள்ளி நிற்கும் என்பது பாடநூல் கணக்கு. மேலே ஒரு மீட்டரை உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நீலாங்கரைக் கிணறுகளில் உப்புத்தன்மை அளக்கும் சிறு மீட்டரை இறக்கிப் பார்த்தவர் மறக்கமாட்டார். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நிலவியல் இதைவிட நெருக்கமாக வேறெங்கே வரும்?

செயற்கைக்கோள் படங்கள் இருக்கும்போது களம் எதற்கு என்ற கேள்வி, கொரோனாவுக்குப் பிறகு துறைகளுக்குள்ளேயே எழுகிறது. அந்தப் படங்களை நான் குறைத்து மதிக்கவில்லை. 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு, இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்று பள்ளிக்கரணை மையம் கணக்கிட்டதை எந்தக் களக்குழுவும் நடந்து கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் கோடு நகர்ந்ததைத்தான் படம் சொல்லும். கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிய கல் சுவரான தூண்டில் வளைவுக்கு வடக்கே மணல் ஏன் ஒரே மழையில் வெட்டுண்டு நிற்கிறது என்பதை அந்த வெட்டின் முன் நின்றால்தான் யோசிக்கத் தோன்றும்.

இப்போதைய பயணத்தின் மற்றக் குறைகள் எல்லோரும் அறிந்தவை. ஒரு பஸ் நிறைய மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விளக்கம் கேட்கும். பாறை அடுக்கின் திசையும் சாய்வுமான ஸ்ட்ரைக்கையும் டிப்பையும் ஒருவர் அளக்க, மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அறிக்கை சீனியரின் ரெக்கார்டிலிருந்து வரும். ஒரே பாறைமுகத்தை ஆண்டுதோறும் மாதிரிக்காக உடைக்கிறோம். நினைவுச்சின்னங்களில் சுத்தியலை வெளியே எடுக்கவே கூடாது என்பது எழுதாமலே நடக்க வேண்டிய விதி. கழிப்பறை இல்லாத களத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கும் மாணவிகளைப் பற்றி எந்தப் பயணத் திட்டத்திலும் ஒரு வரி இருப்பதில்லை. இது எனக்குக் கோபம் தரும் விஷயம். மற்றக் குறைகளுக்கு ஆள் பற்றாக்குறையைக் காரணம் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது.

அரியலூர்ப் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. காரை ஓடைகளின் அமோனைட் எச்சங்களும் சேலத்தின் மடிந்த பாறைகளும் சென்னைக் கரையில் கிடைக்காது. குறைக்க வேண்டியது, ஒரு வாரத்தில் பத்து இடம் பார்க்கும் அவசரத்தை. அதில் இரண்டு நாளை எடுத்து, பருவத்துக்கு ஒன்றாக இரண்டு முறை நம் கரைக்கே ஒதுக்கலாம். செலவு மாநகரப் பேருந்துக் கட்டணம். பனையூரிலோ கோவளத்திலோ ஒரு கோட்டைத் துறை தேர்ந்துகொண்டு, இந்த ஆண்டு மாணவர்கள் அளந்த நோட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தால், சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அதோடு ஒப்பிட்டு எழுத வேண்டியிருக்கும். மதிப்பெண்ணையும் அந்த ஒப்பீட்டுக்கே கொடுக்கலாம்.