யாருடைய மான்செஸ்டர்?

1

ஊர்ப்பக்கம் பட்டப்பெயருக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. வைக்கிறவன் ஒருத்தன், சுமக்கிறவன் வேறொருத்தன். சுமக்கிறவன் காதுபட அதைச் சொல்லமாட்டார்கள், சொன்னால் அடிதடி. நகரங்களின் விஷயத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. நகரம் தன் பட்டப்பெயரைத் தானே நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எது?' என்பது பள்ளிக்கூடத்து ஒரு மார்க் கேள்வி. கோயமுத்தூர்க்காரனான நானும் அந்த மார்க்கை வாங்கியவன்தான். கேள்வி நம்மிடம் கேட்கப்பட்டதே ஒழிய, நாம் அதனிடம் எதையும் கேட்டதில்லை. யார் வெச்ச பேரு இது? எதுக்கு வெச்சாங்க? யாருக்குப் பிரயோசனம்?

தலையில் சூட்டுவதும் பட்டம்தான், காற்றில் விடுவதும் பட்டம்தான். பஞ்சாலை ஊரில் கேட்க வேண்டியது, நூல் யார் கையில் இருக்கிறது என்பதே. இந்தப் பெயரை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அது எதைச் சொல்கிறது, சொல்வதன் மூலம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கலாம்.

2

முதலில் மான்செஸ்டர் என்ற குறிப்பான். இது நமக்கு மட்டும் கிடைத்த தனிப்பெருமை ஒன்றுமில்லை. போலந்துக்கு லோட்ஸ், ஃபின்லாந்துக்கு டாம்பரே, பாகிஸ்தானுக்கு ஃபைசலாபாத், இந்தியாவுக்கே ஒட்டுமொத்தமாக அகமதாபாத் என்று ஊருக்கு ஒரு மான்செஸ்டர் உண்டு. கிழக்கின் மான்செஸ்டர் என்ற ஒரே நாற்காலிக்குக் கான்பூரும் ஒசாகாவும் துண்டு போட்டு வைத்திருக்கின்றன. ஆக, தனித்த அடையாளம் என்று நாம் பீற்றிக்கொள்வது ஏற்கெனவே பத்துப் பேர் போட்டுக் கழற்றிய சட்டை. 'இன்னதன் மான்செஸ்டர்' என்ற சொற்சேர்க்கையில் முதல் இடம் காலி இடம். எந்த நாட்டையும் அதில் நிரப்பலாம். நிரந்தரமாக இருப்பது மான்செஸ்டர் மட்டுமே. அது மூலம், மற்றதெல்லாம் நகல். ஆஸ்திரேலியாவின் கடைகளில் மான்செஸ்டர் என்று பலகை தொங்கினால் அங்கே படுக்கை விரிப்பும் துவாலையும் விற்கிறார்கள் என்று அர்த்தம். ஊர்ப்பெயர் சரக்கின் பெயராகிப் படுக்கையில் விரிக்கப்பட்டுவிட்டது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இருக்கிற உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று சசூர் சொன்னதற்கு இதைவிட மலிவான உதாரணம் கிடைக்காது.

உவமை பொருந்துகிறதா என்று பார்த்தால் அதுவும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் முதன்மையாக ஒரு சந்தை. கிடங்கும் தரகும் பரிவர்த்தனையும் அங்கே. நூற்பாலைகளின் புகைபோக்கிகள் அதிகம் நின்றது சுற்றியிருந்த ஓல்டாம், போல்டன் போன்ற ஊர்களில். கோயமுத்தூரோ நூல் நூற்ற ஊர். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மளமளவென்று எழும்பிய ஆலைகள் எல்லாம் பெரும்பாலும் நூலைத்தான் முதன்மையாக எடுத்தன. தெற்கத்தித் தறிகளுக்கு அந்த நூல் போனது. உண்மையாகப் பேர் வைப்பதென்றால் 'தென்னிந்தியாவின் ஓல்டாம்' என்று வைத்திருக்க வேண்டும். யாரும் வைக்கவில்லை. ஓல்டாமில் வேலை செய்கிறவன் இருக்கிறான். மான்செஸ்டரில் விற்கிறவன் இருக்கிறான். பட்டப்பெயர் எந்த ஆளின் கண்ணாடி என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

3

இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. மான்செஸ்டர் நமக்கு முன்மாதிரி அல்ல, எதிராளி. லங்காஷயர் முதலாளிகளின் நெருக்கடிக்குப் பணிந்துதான் காலனி அரசு 1896இல் இந்திய ஆலைத் துணிகள் மீது 3.5 சதவீதம் கலால் வரி போட்டது. இறக்குமதித் துணிக்கு வரி விதித்தால், அதே அளவு வரியை உள்ளூர்த் துணிக்கும் விதித்துத் தட்டைச் சமன் செய்ய வேண்டுமாம். மான்செஸ்டர் துணிக்கு இந்தியச் சந்தையில் இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்பதுதான் இந்த 'சமநீதி'யின் உள்ளடக்கம். 1925 டிசம்பர் வரை அந்த வரி ஓயவில்லை. சுதேசி இயக்கத்தில் தெருவில் குவித்துக் கொளுத்தியது எந்த ஊர்த் துணியை? அந்த நெருப்புக்கு எதிர்த்தாற்போலிருந்த ஊரின் பெயரையே பெருமைக்குரிய பட்டமாக ஒரு இந்திய நகரம் சூடிக்கொள்கிறது என்றால், அது என்ன மனோநிலை?

காவலன் தெருவில் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்தின் தன்னிலையாகிவிடுகிறான் என்பார் அல்தூஸ்ஸர். 'ஏய் மான்செஸ்டர்' என்ற விளிப்புக்குக் கோயமுத்தூரின் முதலாளி வர்க்கம் திரும்பிப் பார்த்தது. கிராமத்து நிலத்திலிருந்தும் பருத்தி வியாபாரத்திலிருந்தும் வந்த அந்த வர்க்கம், பெரும்பகுதி நாயுடு, கவுண்டர் சமூகங்களைச் சேர்ந்தது. அது தன்னை நவீனம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரனைப் போல் ஆவது, வெள்ளைக்காரனோடு போட்டி போடுவது இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க மான்செஸ்டர் வசதியாக இருந்தது. எதிரியின் பெயரைச் சூடிக்கொள்வதும் ஒரு வகை வெற்றிதானே என்று வாதிடலாம். இருக்கலாம். அந்த வெற்றியில் பங்கு பெற்றவர்கள் யார் என்பதே என் கேள்வி.

4

பெயரை எடுத்தால் முழுசா எடுக்கணும். மான்செஸ்டர் என்ற பிரதிக்குள் இன்னொரு மான்செஸ்டர் இருக்கிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட ஜனங்களின் மேல் குதிரைப்படை ஏறியது. பீட்டர்லூ என்று அதைச் சொல்கிறார்கள். எங்கெல்ஸ் அங்கே தங்கிப் பார்த்த சேரிகளைத்தான் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய தன் 1845ஆம் வருஷத்துப் புத்தகத்தில் எழுதினார். 1931இல் காந்தி லங்காஷயருக்குப் போனபோது, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்ததாகச் சொல்லப்பட்ட ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்தார்கள். இந்த மான்செஸ்டர் எதுவும் நம் பட்டப்பெயருக்குள் இறக்குமதியாகவில்லை. சுங்கத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

நிறுத்தப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதை உள்ளே விட்டால் பக்கத்திலேயே 1946ஐ வைக்க வேண்டிவரும். அந்த வருஷம் ஜனவரி 8 அன்று ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான சின்னியம்பாளையத்து ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் ஸ்டேன்ஸ் மில்லில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். ஊரின் முதல் ஆலையே சுடுகாடானது. உவமை உண்மையிலேயே பொருந்துகிற இடம் இதுதான். புகைபோக்கிக்குப் புகைபோக்கி அல்ல, பிணத்துக்குப் பிணம். ஆனால் ஒரு மார்க் கேள்வியில் 1946 வருவதில்லை. ஜனவரி 8ஐத் தொழிற்சங்கத்துக்காரர்கள் சின்னியம்பாளையத்தில் கொடியேற்றி நினைவில் வைத்திருக்கிறார்கள். நகரத்தின் அதிகாரபூர்வக் கதையாடலில் அது ஒரு அடிக்குறிப்புக்கூட இல்லை.

இந்த மறதி மூலத்திலும் நடந்ததுதான். மான்செஸ்டரில் 1972இல் பதித்த நினைவுப் பலகை பீட்டர்லூவைப் பற்றிச் சொல்கையில், கூட்டம் ராணுவத்தால் கலைக்கப்பட்டது என்று மட்டுமே சொன்னது. செத்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜனங்கள் சண்டை போட்டு 2007இல் அந்தப் பலகையை மாற்றவைத்தார்கள். 2019இல், இருநூறாவது வருஷத்தில், தனியாக நினைவுச்சின்னம் எழுந்தது. பஞ்சாலைகள் போனபின் தன் அடையாளம் என்னவென்று தேடிய ஒரு நகரம், கொன்றதை மறைத்த வாசகத்தைத் திருத்துவதையும் அந்தத் தேடலின் ஒரு பகுதியாக்கிக்கொண்டது. காப்பியடிப்பதென்றால் காப்பியடிக்க வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

5

இங்கே என்ன நடந்தது? 1974இல் நலிந்த ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. ஸ்டேன்ஸ் மில்லும் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போனது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். மிஞ்சி ஓடிய கழக ஆலைகளும் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றன. ஆலையைத் திற, சம்பளத்தைக் கொடு என்று தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் வாசலில் நின்றார்கள். தனியார் ஆலைகள் பல ஊருக்கு வெளியே போய்விட்டன. நகரின் நடுவில் அவை நின்ற மண்ணில் அங்காடி வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆலை போனாலும் பட்டப்பெயர் போகவில்லை. வீட்டுமனை விளம்பரத்தில் அது இன்னும் வேலை செய்கிறது. உழைப்பை வெளியே அனுப்பிவிட்டு உழைப்பின் புகழை மட்டும் வாடகைக்கு விடுகிற பெயர்.

பெயரில் என்னய்யா இருக்கு, சோத்துப் பிரச்சினையைப் பேசு என்று தோழர்கள் சொல்லக்கூடும். சோத்துப் பிரச்சினைதான் இது. முதலாளிகளின் சாதனை என்று ஊரின் சரித்திரம் எழுதப்பட்டால், ஆலை மூடப்படுவது முதலாளியின் சொந்தக் காரியம் ஆகிவிடுகிறது. தொழிலாளர்கள் கட்டிய ஊர் என்று எழுதப்பட்டால் மூடுவதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பாக்கிச் சம்பளம் கிடக்கிறது.

பழைய பட்டம் வெளிறத் தொடங்கியதும் ஊர் புதுசுக்கு அலைந்தது. 2016 ஜனவரியில் வெளியான முதல் இருபது நகரங்களின் பட்டியலில் இடம் கிடைத்து 'ஸ்மார்ட் சிட்டி' ஆனோம். ஸ்மார்ட்டான அந்த ஊரின் சாக்கடையைச் சுத்தம் செய்கிறவர்கள் இன்றும் பெரும்பாலும் அருந்ததியர்கள்தான். 2020 ஜூனில் அரசாணை ஒன்று ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஒத்ததாக நீட்டி எழுதச் சொன்னது. கேலியும் குழப்பமும் கிளம்ப, சில நாளிலேயே வாபஸ் ஆனது. சிறுவாணித் தண்ணிக்கு 'உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர்' என்று நம்மவர்கள் கொடுக்கிற பட்டத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அளந்தவர் யாருங்க? முதலாவது எதுங்க? பதில் கிடையாது. புளுகுவதென்று முடிவான பிறகும் இரண்டாவது இடத்தில் போய் உட்காருகிற இந்தப் பணிவு, ஏனுங்க வாங்க என்கிற கொங்கு மரியாதை இல்லை. முதல் இடம் எப்போதும் வேறெங்கோ இருக்கிறது என்று மான்செஸ்டர் கற்றுக்கொடுத்த பாடம்.

6

அப்படியானால் 'அசல்' கோயமுத்தூர் ஒன்று இருக்கிறது, கோவன்புத்தூர், கோனியம்மன் என்று பின்னோக்கிப் போனால் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தூய மூலத்தைத் தேடுகிறவர்களின் பின்னால் யார் வருவார்கள் என்று தொண்ணூறுகளின் கடைசியில் இந்த ஊர் ரத்தத்தில் பார்த்திருக்கிறது. கடன் வாங்குவதில் கேவலம் இல்லை. வாங்கியதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரை வாரிக்கொண்டு போனபோது ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலச் சொல்லை அப்படியே பிடித்து, ஏற்கெனவே அம்மையை ஆண்டுகொண்டிருந்த மாரியம்மனோடு ஒட்டி, பிளேக் மாரியம்மன் என்று கோயில் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கோயில்கள் இருக்கின்றன. இதுவும் அந்நியச் சொல்தான். ஆனால் இதில் நகல் இல்லை, இரண்டாவது இடம் இல்லை. தங்கள் சாவுக்கு முகம் கொடுத்து அதனோடு பேசுவதற்காக விளிம்பில் இருந்தவர்கள் செய்த பெயரிடல் இது. மான்செஸ்டர் மேலிருந்து இறங்கியது. பிளேக் மாரியம்மன் கீழிருந்து எழுந்தது.

அவிநாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் 'லட்சுமி மில், லட்சுமி மில்' என்று கத்துகிறார். அங்கே இன்று இறங்குகிறவர்கள் நூற்கப் போகவில்லை. கடைக்கும் காப்பிக்கும் போகிறார்கள். இருந்தும் மில் என்ற சொல் நாளெல்லாம் அந்த வாயில் புழங்குகிறது. ஷிப்டுக்குப் போய் வந்த ஜனங்கள் தங்கள் காலால் எழுதிய பெயர். இதை வாபஸ் வாங்க எந்த அரசாணையாலும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. ஆற்றங்கரையில் தானாக வளர்கிற காட்டு இனத்தோடு பயிர்க்கரும்பைக் கலந்து 1918இல் கோ 205 வெளிவந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர். பின்னர் கோ 213 பீகாரின் வயல்களில் பரவியது. 2010களில் உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியில் நின்றது கோ 0238. அதை உருவாக்கியது இதே நிறுவனத்தின் கர்னால் மையம். வடக்கத்தி விவசாயி நூறு வருஷமாக நம் ஊர்ப்பெயரின் தலையெழுத்தைத் தன் பேச்சில் வைத்திருக்கிறான். எதன் நகலாகவும் இல்லாமல், கலப்பினம் என்பதை ஒளிக்காமல், ஒரு பயிரின் பேராக. நமக்கு அது ஒரு மார்க் கேள்வியாகக்கூடத் தெரியாது. கோ விளைகிற அந்தப் பீகாரிலிருந்துதான் இன்று இளைஞர்கள் கோவைப் பகுதி நூற்பாலைகளுக்கு வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களை நாம் 'வடக்கன்' என்கிறோம். அதுவும் பட்டப்பெயர்தான், பழைய இலக்கணப்படி: வைக்கிறவன் ஒருத்தன், சுமக்கிறவன் வேறொருத்தன்.

கோயமுத்தூருக்கு இன்னொரு பட்டம் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பலகை. மூடிக்கிடக்கிற ஸ்டேன்ஸ் மில் வாசலில், 1946 நவம்பரில் இங்கே செத்தவர்கள் யார், சுட்டவர்கள் யார் என்று எழுதிய பலகை. தமிழில் எழுதட்டும், பக்கத்திலேயே ஹிந்தியிலும் எழுதட்டும். இப்போது நூல் நூற்கிறவனும் வாசிக்க வேண்டுமில்லையா.