ஏழு நிமிடத்தோடு நிற்கும் வேகம்

திண்டிவனம், பிரம்மதேசம், மரக்காணம் பக்கத்தில் விடியுமுன் ஓடும் பையன்களில் பலருக்கும் இலக்கு ஒன்றுதான்: 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் இதைத் தாண்டினால்தான் கயிறேறுதல், நீளம் தாண்டுதல் என்று அடுத்ததற்குப் போகலாம். விழுப்புரம் காகுப்பம் மைதானத்தை மனத்தில் வைத்தே பயிற்சி நடக்கிறது. வேலைக்காக இல்லாமல் உடம்புக்காக ஓடும் நம்மைப் போன்றவர்களும் இவர்களைப் பார்த்தே பழகுகிறோம். தினமும் அதே தூரம், முழு மூச்சு, கையில் செல்போன்.

இந்த முறையை லேசில் தள்ளிவிட முடியாது. காசு வேண்டாம், கூட ஓட ஆள் உண்டு, கணக்கும் தெளிவு: 400 மீட்டருக்கு 112 விநாடி. தோற்பவர்களில் பலர் முதல் சுற்றைத் தொண்ணூறில் முடித்துவிட்டு மூன்றாவதில் மூச்சு வாங்கி நிற்பவர்கள். கடிகாரத்தோடு ஓடி ஓடித்தான் அந்த அவசரம் அடங்குகிறது.

ஆனால் வேகம் அதற்குமேல் ஏறாது. அதே தேர்வின் அடுத்த கட்டத்தில், 400 மீட்டர் ஓட்டத்தில் கூடுதல் மதிப்பெண்ணுக்கான இரண்டு ஸ்டார் வாங்க 70 விநாடி, அதாவது நூறு மீட்டருக்கு 17.5. தினமும் 28-லேயே ஓடிப் பழகிய கால் அதற்கு எப்படித் தாவும்? அந்த ஓட்டம் நிதானமாக அடித்தளம் போடவும் உதவாது, வேகம் பழகவும் போதாது.

அப்போதுதான் யாராவது ‘இன்டர்வல் போடு’ என்கிறார்கள். வேகமாக ஒரு சுற்று, நடந்து மூச்சு தேறல், மறுபடி ஒரு சுற்று. 1930-களில் ஜெர்மனியின் பயிற்சியாளர் கெர்ஷ்லர் இதை முறைப்படுத்தினார். அவரிடம் பழகிய ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். 400 மீட்டர் சுற்றுகளைச் சலிக்காமல் அடுக்கிய சாட்டோபெக், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். ஒரே மூச்சில் ஓடித் தாங்க முடியாத வேகத்தைத் துண்டு துண்டாக அதிக நேரம் தாங்கலாம். பலன் சில வாரங்களிலேயே தெரியும்.

சிக்கலும் அந்தச் சில வாரங்களில்தான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் வேண்டும். தார்ச்சாலையில், தேய்ந்த ஷூவோடு வாரம் நான்கு நாள் இன்டர்வல் போடுகிறவனுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி வருவதில் வியப்பில்லை. நியூசிலாந்தின் பயிற்சியாளர் லிடியார்ட் முதலில் நீண்ட தூரம், கடைசியில் வேகம் என்றார். அவருடைய சீடர் ஸ்னெல் 1960-இல் 800 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பொழுதுபோக்காக ஓடுபவருக்கு இன்டர்வல் வாரம் ஒருநாள் போதும், மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம் என்பேன். கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காயாது. அதே உழைப்புக்கு நேரம் கூடுதலாகவே காட்டும். கோடையில் கடிகாரத்தைவிட மூச்சை நம்பலாம்.

மெதுவாக ஓடுவதற்கு இங்கே மரியாதை இல்லை. ‘என்னடா, நடக்கிறியா?’ என்பார்கள். இதே மாவட்டத்து ஆரோவில்லில் 2008 முதல் நடக்கும் மாரத்தானில் பரிசே கிடையாது. வேலை கிடைக்குமா என்ற கவலையில்லாதவருக்கு அப்படி நிதானமாக ஓடுவது எளிது.

அதே காவலர் தேர்வில் பெண்களுக்கான 400 மீட்டர் வரம்பு 2 நிமிடம் 30 விநாடி. கடினமே இல்லை, பழக இடம்தான் இல்லை. விளக்கில்லாத சாலையில் விடியுமுன் தனியாக ஓட எந்த வீட்டில் அனுப்புவார்கள்? பள்ளி மைதானத்துக் கேட்டை ஐந்தரைக்குத் திறந்துவைத்தால், எந்தப் பயிற்சி அட்டவணையையும்விட அதிக விநாடிகள் குறையும்.