தராசும் கத்தியும்

1973இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ‘ஃபேட் அண்டர்கிரவுண்ட்’ குழுப் பெண்கள் இருவர் பருமன் விடுதலை அறிக்கை எழுதினார்கள். குழுவில் லெஸ்பியன்கள் பலர். எடைகுறைப்புத் தொழில்களை எதிரி என்ற அறிக்கை, அறுவைசிகிச்சையையும் அப்பட்டியலில் சேர்த்தது. சரிதான். ஆனால் மேஜைமேல் படுத்திருப்பவர் யாரென்று அது கேட்கவில்லை என்பதே என் விமர்சனம்.

மார்பக நீக்கம் கேட்கும் திருநம்பியை, உடல் நிறைக் குறியீட்டைக் காட்டித் திருப்பியனுப்பும் மருத்துவர்கள் இன்றும் அமெரிக்காவில் உண்டு. ‘எடையைக் குறைச்சிட்டு வா.’ அதற்காகவே இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டியெடுக்கச் சம்மதிப்பவர்களும் உண்டு. பால் அடையாளத்தின் வாசலில் தராசு காவல் நிற்கிறது. இது தேர்வா, நிர்ப்பந்தமா? ரெண்டும்தான்.

சிகிச்சைக்கப்புறம் கொஞ்ச நாள் திரவ உணவுதான். சூப்போடு வந்து பக்கத்தில் உட்காரும் பருமனான லெஸ்பியன் தோழியைத் துரோகி என்பதா? தராசை எதிர்ப்பதும் தோழனின் கையைப் பிடித்துக்கொள்வதும் ஒரே அரசியல் என்றே நினைக்கிறேன்.