காட்டுக்கோழிக் கழுத்தும் தூண்டில் ஈயும்

மீன்பிடித்தலைப் பற்றிய நூல்கள் பல. அவற்றுள் கலைக்கொள்கையாகவும் எண்ணிப் பார்க்கத்தக்கவை சில. அமெரிக்கரான வின்சென்ட் மரினாரோ 1950இல் வெளியிட்ட 'எ மாடர்ன் டிரை ஃப்ளை கோட்' அச்சிலவற்றுள் ஒன்று. உலர் ஈயைப் பற்றிய புதுநெறி என்பது அப்பெயரின் கருத்து. நூல் பிறந்த களம் பென்சில்வேனியாவின் லெட்டார்ட் ஓடை. எனினும், கேமரன் மலையில் கோலா தெர்லாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழருக்கும் இது அயலார் செய்தியன்று. நூல் பேசும் பூச்சி, தேயிலைத் தளிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியின் இனம். அதன் உருவை ஆக்கும் இறகோ தென்னிந்தியக் காட்டுக்கு உரியது.

உலர் ஈ என்பது தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சி. சேவலின் கழுத்திறகை முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றினால் அதன் இழைகள் நாற்புறமும் விறைத்து நிற்கும். இழைகளின் நுனி நீர்ப்பரப்பைக் கிழியாது ஊன்றிக் கொள்வதால் முள் மிதக்கிறது. மென்மையான இறகு நீரை உறிஞ்சி அமிழும். ஆகவே விறைப்புடைய சேவலிறகையே கைவினைஞர் நாடுவர்.

இக்கலைக்கு இலக்கணம் வகுத்தவருள் தலையாயவர் ஆங்கிலேயரான பிரெடரிக் ஹால்ஃபோர்ட். மிதக்கும் ஈக்களைப் பற்றிய அவருடைய நூல் 1886இல் வெளிவந்தது. உண்மைப் பூச்சியின் நிறமும் வடிவும் வழுவாது பொய்ப்பூச்சியில் அமைய வேண்டும் என்பது அவர் வழி. அவ்வழியில் ஒரு குறை உண்டு. பூச்சியைக் கையில் வைத்து ஒப்பிடுவது மனிதக் கண். அதை ஏற்பதோ தள்ளுவதோ மீனின் கண்.

மரினாரோவின் சிறப்பு இவ்விடத்தில் விளங்குகிறது. மீன் ஏன் எழுகிறது என்று தெரியாதபோது, அவர் கரையில் குப்புறப் படுத்து நீர்ப்பரப்பைக் கூர்ந்து நோக்கினார். நின்ற கண்ணுக்குப் புலப்படாத நுண்பூச்சிகள் அங்கே மிதந்தன. தத்துப்பூச்சியும் அவற்றுள் ஒன்று. கீழிருந்து வானத்தை நோக்கும் மீனுக்கு அப்பூச்சியின் உயரம் தெரியாது. நீளமும் அகலமும் கூடிய நிழலுருவே தெரியும். எனவே உடலுக்கு உயரம் வேண்டாம் என்று துணிந்தார். நூலாலான உடலில் சிற்றிறகைச் சுற்றி, மேற்புறத்து இழைகளைக் கத்தரித்து, காட்டுக்கோழியின் கழுத்திறகு ஒன்றைத் தட்டையாகப் படிய வைத்தார். 'ஜாசிட்' என்னும் ஈ உருவாயிற்று. போலி செய்யும் கலையில் உண்மை என்பது காண்போனின் கண்ணைப் பொறுத்தது என்னும் கொள்கையை இவ்வளவு சிறிய பொருளில் நிலைநாட்டியது பெருஞ்செயலே.

இனி, அவ்விறகை நோக்குவோம். மலேசியக் காடுகளில் வாழ்வது செங்காட்டுக்கோழி. அதன் கழுத்தில் இவ்விறகு இல்லை. இதற்குரியது தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி. பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா நினைவாகத் தெமிங்க் 1813இல் இதற்கு அறிவியற்பெயர் இட்டார். சேவலின் கழுத்திறகு நுனியில் இழைகள் ஒன்றாக இணைந்து, மெழுகு பூசியதுபோல் வெளிர்மஞ்சள் தகடாகின்றன. தகடாக இருப்பதனாலேயே அது பூச்சியின் மடிந்த சிறகுக்கு ஒப்பாயிற்று.

இக்கழுத்தைத் தமிழ் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுள்ளது. குறுந்தொகை 242ஆம் பாட்டில் குழற்றத்தனார், கானங்கோழிச் சேவலின் ஒளிமிக்க புள்ளிக் கழுத்தில் குளிர்ந்த நீர்த்துளி விழுவதைக் காட்டுகிறார். அப்புள்ளி சாம்பல் காட்டுக்கோழிக்கே நன்கு பொருந்தும். புலவர் புள்ளியை மட்டும் காணவில்லை. சேவலின் குரலையும், மழைத்துளியையும், பூ மணக்கும் முல்லைநிலத்துச் சிற்றூரையும், அங்கு வாழும் தலைவியையும் ஒருங்கே கண்டார். மரினாரோ கண்டது இறகின் பயனை.

மீனின் கண்ணாகத் தம் கண்ணை மாற்றத் தெரிந்தவரின் நூலில், பறவையின் பக்கம் நின்று பார்க்கும் பார்வைக்கு இடம் அமையவில்லை. ஒரு கைவினை நூலிடம் அதைக் கேட்பது மிகையெனத் தோன்றலாம். ஆயினும், அதன் விளைவு பொருட்படுத்தத் தக்கது. இறகுக்காகப் பிடிக்கப்பட்ட சேவல்களின் தோல்கள் பெருவாரியாகக் கடல் கடந்தன. ஓர் இறகு போதும் ஈக்கு. இறகைத் தந்த சேவலோ முழுதும் மாண்டது. இன்று 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்குக் காவலாக நிற்கிறது. வெளிநாட்டுக் கைவினைஞர் வளர்ப்புக் கோழியின் இறகையோ மாற்றுப் பொருளையோ கொண்டு அதே ஈயைக் கட்டுகின்றனர், கலை குன்றவில்லை.

மரினாரோவின் நூல் கற்கத்தக்கது. கற்கும் தமிழர் குறுந்தொகையையும் அருகில் வைத்துக்கொண்டு கற்பது நன்று. முன்னது நுணுகிக் காணக் கற்பிக்கும். பின்னது முழுமையாகக் காணக் கற்பிக்கும்.